சமூக அறிவியல் தேர்வும் நம் பிள்ளைகளும்

(பத்தாம் வகுப்பு மாணவ, மாணவியருக்கும் பெற்றோருக்கும் நமது மதரஸா மண்டபத்தில் மஃரிபு தொழுகைக்குப் பின்னர் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



மிம்பரில் நின்று தொழுகையையும் ஜகாத்தையும் பற்றிப் பேசுகின்ற இமாம், இன்று சமூக அறிவியல் பாடத்தின் கட்டுரை வினாக்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று தங்களில் சிலர் வியக்கக்கூடும். அந்த வியப்பு நியாயமானதே. நாம் எட்டாம் வகுப்புடன் பள்ளிப் படிப்பை நிறுத்திக்கொண்டு மதரஸாவில் சேர்ந்தோம். பொதுத்தேர்வு மண்டபத்தின் வாசற்படியை மாணவராக நாம் மிதித்ததில்லை. ஆயினும் இப்பொருளைப் பற்றிப் பேச வேண்டிய கடமை ஒன்று நம் மீது இருக்கிறது. அது ஒரு கடன் என்றே சொல்ல வேண்டும். அந்தக் கடன் எப்படி ஏற்பட்டது என்பதை முதலில் கூறிவிடுகிறோம்.

நாம் செய்த தவறு

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பி, இளம் வயதிலேயே திருக்குர்ஆனை முழுமையாக மனனம் செய்து ஹாஃபிழ் ஆனவர். அதன்பின் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து பத்தாம் வகுப்பு வரை வந்துவிட்டார். தேர்வுக்கு இரண்டு மாதங்களுக்கு முன் அவர் நம்மிடம் வந்து, “ஹஜ்ரத், கணக்கும் அறிவியலும் சமாளித்துவிடலாம். சமூக அறிவியலில்தான் பெரிய பெரிய விடைகளாக இருக்கின்றன. எப்படிப் படிப்பது?” என்று கேட்டார். நாம் சிறிதும் யோசிக்காமல், “முப்பது ஜுஸ்உவை நெஞ்சில் சுமக்கின்ற உமக்கு இது எம்மாத்திரம் தம்பி? அப்படியே மனனம் செய்துவிடும்” என்று கூறி அனுப்பினோம்.

அத்தம்பி நம் சொல்லை நம்பினார். கைடு ஒன்றை வாங்கி, எழுத்துப் பிசகாமல் மனனம் செய்தார். தேர்வு முடிவு வந்தபோது மற்ற நான்கு பாடங்களிலும் தேறியிருந்தார். சமூக அறிவியலில் மட்டும் தோல்வி. அவருடைய தாயார் மதரஸா வாசலுக்கு வந்து, “ஹஜ்ரத், நீங்கள் சொன்னபடிதானே படித்தான்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். குற்றம் சாட்டும் குரல் அன்று அது. உண்மையிலேயே விளங்காமல் கேட்டார். ஆனால் அக்கேள்வி பல இரவுகள் நம்மை உறங்கவிடவில்லை.

இதை இங்கே கூறுவதற்கு அத்தம்பியிடமும் அவருடைய தாயாரிடமும் அனுமதி பெற்றிருக்கிறோம்.

ஒரு தோல்வியின் விலை

“ஒரு பாடம்தானே, போனால் போகிறது” என்று சிலர் எண்ணக்கூடும். பத்தாம் வகுப்பு எனும் படியைத் தாண்டாத பிள்ளைக்கு எத்தனை கதவுகள் அடைபடுகின்றன என்பதை எண்ணிப்பாருங்கள். பதினோராம் வகுப்பு இல்லை. பாலிடெக்னிக் இல்லை. பத்தாம் வகுப்பைத் தகுதியாகக் கொண்ட அரசுப் பணித் தேர்வுகளும் இல்லை. நம் குடும்பங்களுக்கு நன்கு தெரிந்த மற்றொன்றையும் சொல்கிறோம். 1983 ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவருக்குப் பொதுவாக ஈ.சி.ஆர். கடவுச்சீட்டே கிடைத்து வந்திருக்கிறது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் புறப்படும்போது அனுமதிக்காக அலைந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே அமர்ந்திருக்கிறார்கள். அதன் சிரமத்தை அவர்களிடம் கேட்டால் விரிவாகச் சொல்வார்கள்.

ஆகவே இது ஒரு பாடத்தின் மதிப்பெண்ணோடு முடிந்துவிடும் விஷயம் அன்று.

முப்பத்து நான்கு என்னும் எண்

தவறு எங்கே நேர்ந்தது என்று அறிவதற்காக, நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருந்தகை ஒருவரை நாடினோம். பாடநூலையும் பழைய வினாத்தாள்களையும் வாங்கிவைத்துக்கொண்டு, அவர் முன்னிலையில் மாணவரைப் போல் அமர்ந்தோம். அவர் முதலாவதாகக் காட்டியது வினாத்தாளின் அமைப்பைத்தான்.

2019-20 கல்வியாண்டில் பத்தாம் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்தது. வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் ஆகிய நான்கும் சேர்ந்ததே சமூக அறிவியல். அதன் வினாத்தாள் 100 மதிப்பெண்களுக்கு அமைந்தது. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10 எழுத வேண்டும், அதற்கு 20. ஐந்து மதிப்பெண் வினாக்கள் 10 எழுத வேண்டும், அதற்கு 50. எட்டு மதிப்பெண் வினாக்கள் 2, அதற்கு 16. தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் வேண்டும்.

ஆசிரியர் நம்மிடம், “ஹஜ்ரத், ஒரு மதிப்பெண் வினாக்களையும் இரண்டு மதிப்பெண் வினாக்களையும் ஒன்றுவிடாமல் சரியாக எழுதிவிட்டால் எவ்வளவு வரும், கூட்டிப்பாருங்கள்” என்றார். கூட்டிப்பார்த்தோம். முப்பத்து நான்கு வந்தது. தேர்ச்சிக்கு ஒன்று குறைவு! சிறு வினாக்களை மட்டும் படித்துக் கரையேறிவிடலாம் என்று எண்ணுகின்ற பிள்ளை, ஒரு பிழையும் இன்றி எழுதினாலும் கரைக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிடும். மீதமுள்ள 66 மதிப்பெண்களும் விரித்து எழுதும் வினாக்கள், வேறுபடுத்துதல், காலக்கோடு, வரைபடம் போன்றவற்றில்தான் இருக்கின்றன. எனவே விரித்து எழுதப் பழகாமல் இப்பாடத்தில் தேற வழியில்லை என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

ஹிஃப்ழு தடுமாறிய இடம்

பின்னர் அத்தம்பி பள்ளியில் எழுதிய திருப்புதல் தேர்வின் விடைத்தாள்களை வாங்கிப் பார்த்தோம். அங்கேதான் நமக்கு உண்மை விளங்கியது.

ஒரு தேர்வில் முதல் உலகப்போரின் விளைவுகளைக் கேட்டிருந்தார்கள். தம்பி அழகாகவே தொடங்கியிருந்தார். 1919 ஆம் ஆண்டு ஜூன் 28 ஆம் நாள் கையெழுத்தான வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையை எழுதியிருந்தார். போருக்கான பொறுப்பு ஜெர்மனி மீது சுமத்தப்பட்டதையும், இழப்பீடு கேட்கப்பட்டதையும் எழுதியிருந்தார். அடுத்து, “உலக அமைதியைக் காக்க ஒரு பன்னாட்டு அமைப்பு உருவாக்கப்பட்டது” என்று எழுதினார். அவ்விடத்தில் பன்னாட்டுச் சங்கம் வர வேண்டும். அவரோ அந்த வாக்கியத்திலிருந்து நழுவி, 1945 ஆம் ஆண்டு தோன்றிய ஐக்கிய நாடுகள் சபைக்குள் சென்றுவிட்டார். அதன்பிறகு பக்கம் முழுவதும் இரண்டாம் உலகப்போரின் விளைவுகளே!

ஹாஃபிழ்கள் இதைக் கேட்டவுடன் புரிந்துகொள்வார்கள். நாங்கள் முதஷாபிஹ் என்று சொல்வோம். ஒன்றுபோல் ஒலிக்கும் இரு வசனங்கள் வெவ்வேறு அத்தியாயங்களில் இருக்கும். தராவீஹில் ஓதிக்கொண்டு வருகின்ற ஹாஃபிழ் சற்றே அயர்ந்தால், ஓர் அத்தியாயத்திலிருந்து மற்றோர் அத்தியாயத்துக்குள் போய்விடுவார். ஆனால் பின்னால் நிற்கின்ற மற்றொரு ஹாஃபிழ் உடனே லுக்மா கொடுத்துத் திருத்திவிடுவார். தேர்வு மண்டபத்தில் லுக்மா கொடுப்பதற்கு யார் இருக்கிறார்கள்? பக்கத்தில் இருப்பவர் கொடுத்தால் இருவரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

மற்றொரு விடைத்தாளில் ஒரு விடை பாதியில் நின்றிருந்தது. ஏன் என்று கேட்டபோது, “நாலாவது வரி ஞாபகம் வரவில்லை ஹஜ்ரத். அது வராமல் ஐந்தாவது வரி எப்படி வரும்?” என்றார். சொற்சங்கிலியாக மனனம் செய்தால், ஒரு கண்ணி அறுந்தவுடன் மீதியும் போய்விடும்.

இறைவேதத்தை ஓர் எழுத்தும் மாறாமல் காக்க வேண்டும் என்பதால் அதற்கு ஹிஃப்ழு அவசியம். அங்கே நம் சொந்தச் சொல்லைச் சேர்க்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையைப் பற்றிக் கைடு எழுதியவர் அமைத்த வாக்கியத்தை எழுத்து மாறாமல் காக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அங்கே காக்க வேண்டியது செய்தியை. ஆண்டு, பெயர், இடம், காரணம், விளைவு ஆகியவை சரியாக இருக்க வேண்டும். வாக்கியம் பிள்ளையின் சொந்த வாக்கியமாகவே இருக்கலாம். இந்த வேறுபாட்டை அத்தம்பிக்கு நாம் சொல்லிக்கொடுக்கத் தவறிவிட்டோம்.

மதரஸாவிலேயே இருந்த மருந்து

நாம் வருந்தியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. சரியான முறை நமக்குத் தெரியாதது அன்று. அதே முறையில்தான் நாம் ஓதினோம். மதரஸாவில் ஃபிக்ஹு முதலிய பாடங்களை உஸ்தாது நடத்தி முடித்தபின், இரவில் மாணவர்கள் வட்டமாக அமர்ந்து தக்ரார் செய்வோம். ஒருவர் கிதாபை மூடிவைத்துவிட்டு அன்றைய பாடத்தைத் தம் சொற்களில் எடுத்துரைப்பார். மற்றவர்கள், “இந்தச் சட்டத்துக்குக் காரணம் என்ன? ஆதாரம் என்ன? முந்தைய பாடத்தில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டதே, அது எப்படி?” என்று கேட்பார்கள். விடை சொல்லத் தெரியாத இடத்தில் கிதாபைத் திறந்து பார்ப்போம். அவ்வாறு படித்த பாடங்கள் இருபத்தைந்து ஆண்டுகள் கடந்தும் நம்மை விட்டு அகலவில்லை.

சமூக அறிவியலுக்கு வேண்டியது இந்தத் தக்ரார்தான். அதை எப்படிச் செய்வது என்பதற்கு ஒரு பாடத்தையே எடுத்துக்கொள்வோம்.

வேலூர்ப் புரட்சி: ஓர் எடுத்துக்காட்டு

நாம் ஓதியது வேலூரில். விடுமுறை நாள் மாலைகளில் கோட்டை அகழியின் ஓரமாக நடந்து செல்வோம். கோட்டைக்குள் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் இருப்பதைக் கண்டிருக்கிறோம். ஆனால் 1806 ஆம் ஆண்டில் அச்சுவர்களுக்குள் என்ன நடந்தது என்று அன்று நமக்குத் தெரியாது. கேட்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. இன்று பத்தாம் வகுப்புப் பாடநூலில் அதைப் படித்தபோது வெட்கமும் வியப்பும் ஒருங்கே உண்டாயின.

இப்பாடத்தில் ‘வேலூர்ப் புரட்சியை விளக்குக’ என்று வினா வருமானால், முதலில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏன் நடந்தது? எப்படி நடந்தது? அதனால் என்ன ஆயிற்று? இம்மூன்றும் மூன்று தலைப்புகள்.

ஏன் நடந்தது? 1799 ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீரமரணம் அடைந்தபின் அவருடைய குடும்பத்தார் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டிருந்தனர். ஆட்சியை இழந்தவர்களின் மனக்குமுறல் அங்கே இருந்தது. இந்தியச் சிப்பாய்களுக்குப் புதிய விதிகள் வந்தன. சமய, சாதி அடையாளங்களையும் காதணிகளையும் சீருடையில் அணியக் கூடாது. தாடியை மழித்துவிட வேண்டும். தோலால் ஆன இலச்சினை பதித்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருசேரப் புண்பட்டனர். தங்களை மதம் மாற்றுவதற்கான ஏற்பாடு என்றும் அஞ்சினர்.

எப்படி நடந்தது? 1806 ஆம் ஆண்டு ஜூலை 10 ஆம் நாள் விடியும் முன்னரே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். கோட்டையின் படைத்தலைவர் கர்னல் பேன்கோர்ட் கொல்லப்பட்டார். மைசூர் அரசின் புலிக்கொடி ஏற்றப்பட்டது. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி என்னும் அதிகாரி குதிரைப்படையுடன் விரைந்துவந்து, அன்றைய தினமே கடுமையாக அடக்கினார்.

என்ன ஆயிற்று? ஏராளமான சிப்பாய்கள் உயிரிழந்தனர். திப்புவின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். புதிய விதிகள் திரும்பப் பெறப்பட்டன. சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் தலைமைத் தளபதி ஜான் கிரடாக்கும் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டனர். 1857 ஆம் ஆண்டின் பெரும் புரட்சிக்கு அரை நூற்றாண்டு முன்னதாகவே நடந்த எழுச்சி இது என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடலாம்.

பார்த்தீர்களா? இதில் ஒரு வரி மறந்தாலும் அடுத்த வரி வரும். ஏனெனில் தலைப்பாகை இல்லாமல் கோபம் இல்லை, கோபம் இல்லாமல் எழுச்சி இல்லை. காரணத்தைப் பிடித்துக்கொண்டால் அது விளைவுவரை கொண்டுபோய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘வேலூர்ப் புரட்சிக்கான காரணங்களைக் கூறுக’ என்று மட்டும் கேட்டிருந்தால், மேலே சொன்ன மூன்று பகுதிகளில் முதல் பகுதியை மட்டுமே விரித்து எழுத வேண்டும். கில்லஸ்பியின் குதிரைப்படைக்கு அங்கே வேலை இல்லை. தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்ற ஆசை பிள்ளைகளுக்கு இயல்பாகவே வரும். கேட்டதற்கு விடை சொல்வதே தேர்வு. தொழுகை முறிவது பற்றி ஒருவர் கேட்க, நாம் நோன்பின் சட்டங்களை ஒரு மணி நேரம் விவரித்தால் அவர் பயன் பெறுவாரா?

வினாவின் ஏவல் சொல்

எனவே வினாவில் எந்தச் சொல் நம்மை ஏவுகிறது என்று பார்த்து, அதன்கீழ் ஒரு கோடு இட்டுக்கொள்ளுங்கள். ‘காரணம் கூறுக’ என்பது ஏன் என்று கேட்கிறது. ‘விளைவுகளை எழுதுக’ என்பது பின்னர் நடந்ததைக் கேட்கிறது. ‘விளக்குக’ என்பது காரணம், நிகழ்வு, விளைவு அனைத்தையும் கேட்கிறது.

‘வேறுபடுத்துக’ என்பது இரண்டையும் எதிரெதிரே நிறுத்தச் சொல்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் வேறுபடுத்தச் சொன்னால், நடுவே ஒரு கோடு கிழித்து, ஒரே அம்சத்தை இருபுறமும் எழுத வேண்டும். இப்பக்கம் தொடர்ச்சியானது என்றால் அப்பக்கம் ஆறுகளால் அறுபட்டுத் தொடர்ச்சியற்றது என்று வர வேண்டும். இப்பக்கம் உயரத்தையும் அப்பக்கம் ஆறுகளின் பெயரையும் எழுதினால் அது வேறுபாடு ஆகாது.

குடியரசுத் தலைவரின் அதிகாரங்களைக் கேட்டால், நிர்வாகம், சட்டமியற்றல், நிதி, நீதி, இராணுவம், தூதரகம், நெருக்கடிநிலை என்று தலைப்புகளை முதலில் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு தலைப்பின்கீழும் இரண்டிரண்டு வாக்கியங்கள் போதும். அதிகாரங்களைப் படிக்கும்போதே இத்தலைப்புகளை விரல்விட்டு எண்ணிப் பழகினால், மண்டபத்தில் விரல்களே நினைவூட்டும்.

காலக்கோட்டுக்கு ஆண்டுகளைத் தனித்தனியே மனனம் செய்வது கடினம். கதையாகக் கோத்துக்கொள்ளுங்கள். 1919 இல் ரௌலட் சட்டம், அதே ஆண்டு ஏப்ரல் 13 இல் ஜாலியன் வாலாபாக் படுகொலை. அதனால் எழுந்த கொதிப்பிலும் கிலாபத் கோரிக்கையிலும் பிறந்தது 1920 இன் ஒத்துழையாமை இயக்கம். 1922 இல் சௌரி சௌரா நிகழ்ச்சியால் அது நிறுத்தப்பட்டது. 1929 இல் லாகூரில் முழு விடுதலைத் தீர்மானம். அதைச் செயலில் காட்டிய உப்புச் சத்தியாகிரகம் 1930 இல். 1942 இல் வெள்ளையனே வெளியேறு இயக்கம். ஒன்று மற்றொன்றின் கையைப் பிடித்துக்கொண்டு வருவதைக் காணலாம்.

வரைபடத்தைப் பற்றி ஒரு சொல். அது படித்து வருவதன்று, கை பழகி வருவது. வாரத்திற்கு இரண்டு வெற்று வரைபடங்களைக் குறித்துப் பழகிய பிள்ளை, அந்த மதிப்பெண்களை இழப்பது அரிது.

மூன்று மணி நேரத்தைப் பங்கிடுதல்

அறிந்த விடையை எழுத நேரமில்லாமல் போனது என்று அழும் பிள்ளைகள் உண்டு. வினாத்தாளை வாசிக்கவும் விவரங்களைச் சரிபார்க்கவும் தொடக்கத்தில் தரப்படும் 15 நிமிடங்கள் தனி. எழுதுவதற்கு 180 நிமிடங்கள். ஆசிரியர் கூறிய பங்கீடு இது: ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 15 நிமிடம், இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கு 30, ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு 90, எட்டு மதிப்பெண் வினாக்களுக்கு 30, சரிபார்க்க 15. அதாவது ஓர் ஐந்து மதிப்பெண் விடைக்கு ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடத்தில் ஒரு முன்னுரை வாக்கியம், ஐந்தாறு கருத்துகள், ஒரு முடிவு வாக்கியம் எழுதுவது எளிதா என்று வீட்டில் கடிகாரத்தை வைத்து எழுதிப்பாருங்கள். முதல் நாள் பதினைந்து நிமிடம் ஆகும். பத்தாவது நாள் ஒன்பதுக்கு வந்துவிடும். வாயால் ஒப்புவித்துவிட்டு ‘படித்து முடித்தேன்’ என்று எழுந்துவிடாதீர்கள். தேர்வு எழுதுவது கை என்பதால், கைக்கும் பயிற்சி தர வேண்டும்.

வினா எண்ணைச் சரியாக இடுங்கள். தலைப்புகளுக்கு அடிக்கோடு இடுங்கள். ஒரு விடையில் தயங்கி நின்றால், இடம்விட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். நன்கு தெரிந்ததை முதலில் எழுதுங்கள். தெரியாத ஆண்டைக் கற்பனை செய்து எழுதாதீர்கள், ஆண்டில்லாமலே கருத்தை எழுதிவிடலாம்.

பெற்றோருக்கும் ஜமாஅத்துக்கும்

பெற்றோர்களே! “எங்களுக்குப் படிப்பில்லை, நாங்கள் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?” என்று ஒதுங்கிவிடாதீர்கள். தக்ராருக்குக் கேட்பவர் அறிஞராக இருக்க வேண்டியதில்லை. சமையலறையில் வேலை செய்துகொண்டே ஒரு தாய், “இன்றைக்கு என்ன படித்தாய்? அது ஏன் அப்படி நடந்தது?” என்று கேட்டால் போதும். தாய்க்கு விளங்கும்படி சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, விடை திருத்துபவருக்கு விளங்கும்படி எழுதவும் தெரியும். கடை வைத்திருக்கும் தந்தையர், 2017 ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியைத் தம் கடை ரசீதைக் காட்டியே விளக்கலாம். நேர்முக வரிக்கும் மறைமுக வரிக்கும் உள்ள வேறுபாட்டை அதைவிட நன்றாக எந்தக் கைடும் சொல்லாது.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் திருமண வேலைகளுக்கும் கடைக்கும் அழைத்துச் செல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். 2024 ஆம் ஆண்டு இத்தேர்வு ரமலான் மாதத்துக்குள்ளேயே நடந்தது. அத்தகைய ஆண்டுகளில் தேர்வு எழுதும் ஹாஃபிழ்களைத் தராவீஹ் பொறுப்பில் இருத்தாமல், மற்றவர்களைக் கொண்டு நடத்த வேண்டும் என்று நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைகள் ஸஹர் வரை விழித்திருந்து படிப்பதைவிட, நேரத்தோடு உறங்கி எழுந்து படிப்பதே நல்லது.

ஜமாஅத்தாரே! நம் அடக்கத்தலப் பாதை பற்றி அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டி வந்தபோது நடந்ததை நினைவுகூருங்கள். எந்த ஆண்டு முதல் அப்பாதை பயன்பாட்டில் உள்ளது, எதனால் தடைபட்டது, அதனால் என்ன துன்பம் என்பதை வரிசையாக எழுதித்தர நம்மில் ஒருவரும் முன்வரவில்லை. வெளியில் ஒருவரிடம் பணம் கொடுத்து எழுதி வாங்கினோம். காரணம், ஆதாரம், விளைவு என்று ஒரு செய்தியைத் தாளில் நிறுத்தத் தெரிந்த தலைமுறை நமக்கு வேண்டும். சமூக அறிவியலின் ஐந்து மதிப்பெண் வினா அதற்கான பயிற்சிதான்.

ஆகவே ஒரு கோரிக்கை வைக்கிறோம். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே இந்த மண்டபத்தைப் பத்தாம் வகுப்பு மாணவர்களின் தக்ராருக்குத் திறந்துவிட வேண்டும். மாணவியருக்கு மதரஸாவின் மறுபகுதியில் தனியே இடம் ஒதுக்க வேண்டும். வெள்ளிதோறும் மாலையில் ஒரு வினாத்தாளை நேரம் வைத்து எழுதச் செய்ய வேண்டும். ஆசிரியப் பெருந்தகை திருத்தித் தருவதாக வாக்களித்திருக்கிறார். வெற்றுத்தாள், வரைபடம், விளக்கு ஆகியவற்றின் செலவே ஜமாஅத்தின் செலவு.

தோற்றவர்களுக்கு ஒரு சொல்

இறுதியாக, ஒருவேளை தேறாமல் போனாலும் மாணவர்கள் மனமுடைந்துவிட வேண்டாம். பெற்றோரும் பிள்ளையை ஏசிக் கடைக்கு அனுப்பிவிட வேண்டாம். முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு நடைபெறுகிறது. அதில் தேறினால் அதே ஆண்டில் பதினோராம் வகுப்பில் சேரலாம். விண்ணப்பிக்கும் நாட்கள் குறைவு என்பதால், முடிவு வந்த நாளிலேயே பள்ளியை அணுக வேண்டும்.

நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட தம்பியும் அவ்வாறே துணைத் தேர்வு எழுதினார். அந்தச் சில வாரங்களில் அவர் கைடைத் தொடவில்லை. தினமும் இஷாவுக்குப் பின் நம் முன் அமர்ந்து, பாடநூலை மூடிவைத்துவிட்டு ஒரு பாடத்தைச் சொல்வார். நாம் ஒன்றும் அறியாதவராக “ஏன் தம்பி?” என்று கேட்டுக்கொண்டே இருப்போம். பல இடங்களில் நமக்கு உண்மையிலேயே தெரியாது. வெர்செய்ல்ஸில் ஜெர்மனியை அவமதித்ததுதான் பின்னாளில் ஹிட்லர் எழுவதற்கு வழியாயிற்று என்று அவர் விளக்கிய இரவில், இரண்டு உலகப்போர்களும் அவருக்கு இனி ஒருபோதும் குழம்பமாட்டா என்று அறிந்துகொண்டோம். துணைத் தேர்வில் அவர் தேறினார். இப்போது பதினோராம் வகுப்பில் படிக்கிறார். இந்த மண்டபத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். நாளை முதல் நடக்கவிருக்கும் தக்ராரில் தம்பிமார்களுக்கு உதவ ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அவருடைய தாயார் கேட்ட கேள்விக்கு அன்று நாம் விடை சொல்லவில்லை. அம்மா, உங்கள் மகன் நாங்கள் சொன்னபடிதான் படித்தார். சொன்னதில்தான் பிழை இருந்தது.

நம் பிள்ளைகள் அனைவரும் பயனுள்ள கல்வியையும், தெளிந்த எழுத்தையும், நல்ல தேர்ச்சியையும் பெற வல்ல இறைவன் அருள்புரிவானாக. ஆமீன்.